எட்டாம் எண்ணுக்குக் கணக்கு வராது

தி.நகரில் அன்று புடவைக் கடைகளைவிட ஒரு கல்யாண மண்டபத்தில்தான் தள்ளுமுள்ளு. முகூர்த்தம் ஏதுமில்லை. உயர்நிலை வகுப்புக் கணித ஆசிரியர்களுக்குப் பணித்திறன் பயிற்சி. தலைப்பு, எண் கருத்துகள். நடத்துபவர் ‘எண்ஞானி’ சாய்நாத். தேனாம்பேட்டையில் ஜாதகம் பார்க்க டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு கோட்டு தைத்துக்கொண்டதும் கல்வியாளர் ஆகிவிட்டார்.

அவர் கண்டுபிடித்த கணிதம் எளிமையானது. மாணவர் பிறந்த தேதியின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். எட்டு வந்தால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது. அவ்வளவுதான். பாடம் நடத்துவதைவிட இது எவ்வளவு சௌகரியம்! பிள்ளை தோற்றால் பழி சனி பகவானுக்கு, சம்பளம் நமக்கு. மண்டபமே குனிந்து எழுதிக்கொண்டது.

மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த ஸ்வர்ணலதா மட்டும் எழுதவில்லை. அவள் அதிகம் பேசாதவள். வகுப்பில்கூடக் கேள்வியைப் போட்டுவிட்டு, யாராவது யோசித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் பள்ளித் தாளாளர் அனந்தராமன் சாய்ந்தார்.

“நம்ம கீர்த்தி பதினேழாம் தேதி பொறந்தவதானே? எட்டு. ப்ளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப் வேண்டாம், காமர்ஸ் போட்டுடுங்கோ. நமக்கு ரிசல்ட் முக்கியம்.”

பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் கீர்த்தி. விடை வந்த பிறகும், வேறு வழியில் வருமா என்று பார்க்கிறவள். மறுநாள் சேர்க்கைப் பட்டியல் ஒட்டப்படும்.

மேடையில் அற்புதம் தொடங்கியது. யாராவது நான்கு இலக்க எண் ஒன்றை ரகசியமாக எழுத வேண்டும். அதிலிருந்து அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். வந்த விடையில் ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு மற்றவற்றைச் சொல்ல வேண்டும். சுழியத்தை மட்டும் அடிக்கக் கூடாது, அது ஜடமாம். எண்ஞானி கண்ணை மூடுவார், நெற்றியைத் தடவுவார், அடித்த இலக்கத்தைச் சொல்லிவிடுவார். அதிர்வலையாம்.

ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. ஒன்பதால் வகுபடும் எண்களைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகை தேயத் தேய நடத்துகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“மனசைப் படிக்கறார்டீ. எனக்குப் புல்லரிக்கறது,” என்றாள் பின்வரிசை ஜெயலக்ஷ்மி டீச்சர்.

ஸ்வர்ணலதா எழுந்து மேடைக்குப் போனாள். ஏதோ எழுதினாள், ஓர் இலக்கத்தை அடித்தாள், தாளை மடித்து அனந்தராமனிடம் கொடுத்தாள். மிச்சம் நான்கு, மூன்று, ஒன்று என்றாள்.

எண்ஞானி கண்ணை மூடினார். “ஒன்று.”

அனந்தராமன் தாளைப் பிரித்தார். அடிக்கப்பட்டிருந்தது ஆறு.

“நீங்க தப்பாக் கழிச்சிருக்கீங்கம்மா,” என்றார் சாய்நாத்.

“கழிக்கவே இல்ல சார். மனசைப் படிக்கறவருக்கு அது தெரியலையா?”

அவள் அனந்தராமனையே ஓர் எண் எழுதிக் கழிக்கச் சொன்னாள். அவர் ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு, எட்டு, மூன்று, ஐந்து என்றார். “ரெண்டு,” என்றாள், கண்ணைத் திறந்துகொண்டே. சரியாக இருந்தது.

“கழிச்சா எப்பவும் ஒன்பதோட மடங்குதான் வரும். சொன்ன இலக்கத்தைக் கூட்டினா பதினாறு. பதினெட்டுக்கு ரெண்டு குறையுது. அதிர்வும் இல்ல, அலையும் இல்ல. நாம நடத்தற பாடம்.”

சாய்நாத்துக்குத் திடீரென்று கைப்பேசியில் அழைப்பு வந்தது. மணி அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே சமையல்கட்டு வழியாகப் போனவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசையிலிருந்து ஒருவர், சான்றிதழ் உண்டா இல்லையா என்று விசாரித்தார்.

அனந்தராமன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ கீர்த்தி விஷயம்?”

“பொறந்த தேதி அவ எழுதினதில்ல சார். பரீட்சை அவ எழுதினது.”

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் ஒட்டிய பட்டியலில் கீர்த்தி கணிதப் பிரிவில் இருந்தாள்.

கணக்கு வராத பிள்ளைகளைத் தேடி மண்டபம் நிறையக் கூடியவர்களே, கை தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வராதது யாருக்கு என்று தெரிந்துவிடும்.