எல்லாம் இந்த வெயில்தான்

வியர்க்கிற மனிதர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நானும் வியர்க்கிற ஆள்தான். நான் சொல்ல வந்தது வேறு ஓர் இனம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, காதோரம் வாய்க்கால் ஓடி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழட்டுமா வேண்டாமா என்று ஊசலாடும்போதுகூட, "எனக்கா? வேர்க்குதா? சேச்சே, வெயில்ல வந்தேன்ல!" என்று சொல்கிற இனம். மழை நாளிலும் இதையேதான் சொல்லும்.

இவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். இவர் கூரையைப் பார்ப்பார். மின்விசிறி எங்கே, அதற்கு நேர் கீழே எந்த நாற்காலி, அதில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை என்ன சாக்குச் சொல்லி எழுப்பலாம் என்பதெல்லாம் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் முடிவாகிவிடும். கைகுலுக்கலா? நடக்காது. எங்கே போனாலும் வலது கையில் ஒரு பை, இடது கையில் ஒரு பை. நீங்கள் கையை நீட்டினால் இரண்டு பைகளையும் தூக்கிக் காட்டிப் பரிதாபமாகச் சிரிப்பார். ஒரு பையில் என்ன? துண்டு. இன்னொன்றில்? அதுவும் துண்டுதான்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளங்கையில் ஊற்று வைத்துக்கொண்டு பிறந்த மனிதர், விரல் பட்டால் உடனே காட்டிக்கொடுக்கிற கண்ணாடியைப் போய்த் தொழிலாக எடுத்துக்கொண்டதை என்னவென்று சொல்வது? மாட்டுவதற்கு முன் துடைப்பார், மாட்டிய பிறகு கழற்றித் துடைப்பார், வாடிக்கையாளர் வாசல்வரை போனபின் ஓடிப்போய் வாங்கித் துடைப்பார். "என்ன நேர்த்தி, என்ன பொறுப்பு!" என்று மெச்சுகிறார்கள். அவருக்குச் சுத்தக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. வியாபாரமும் நன்றாகத்தான் நடக்கிறது.

டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒருமுறை வாயைத் திறந்தேன். "வேர்வைக்கெல்லாம் ஒரு டாக்டரா சகலை? நாளைக்குத் தும்மினா ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்வீங்க போல" என்று என் வாயை அடைத்துவிட்டார். டாக்டர் இல்லாவிட்டால் என்ன, வைத்தியத்துக்குக் குறைவில்லை. பவுடரை அக்குளில், கையில், ஷூவுக்குள் எல்லாம் கொட்டிக்கொள்வார். அவர் எழுந்து போன நாற்காலியில் மாவு அரைத்த மாதிரி இருக்கும். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கடையிலேயே தலை சுற்றி உட்கார்ந்தார். அதற்கும் வெயில்தான் காரணம். கழுத்தில் வேர்க்குரு கொத்துக் கொத்தாக வந்தபோது கொசு. கால் விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து உரிந்தபோது புது சாக்ஸ். அரிப்பு தாங்காமல் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினார். அரிப்பு பெட்டியைக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டது. பிறகு சுற்றத்தாரோடு திரும்பி வந்து தொடை இடுக்கிலும் குடியேறியது. அதற்கு என்ன காரணம் சொன்னார் என்று கேட்காதீர்கள், நான் கேட்கவில்லை.

இதுவரை சிரிப்பு. இனிமேல்தான் விஷயம்.

அவருக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரத்தில் எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். அவள் இரண்டு பக்கமும் வட்டம் அறுந்தே இருந்தது. 'ஈரக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண் விளையாட்டுக்கு வர மறுத்தாள். அப்புறம் வயிற்றுவலி என்றாள். அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவ எழுதற நோட்டெல்லாம் நனைஞ்சு போகுது. ஏம்மான்னு கேட்டா, வெயில் மிஸ்ங்கறா. வெளியில மழை கொட்டிட்டு இருக்கு."

என் கொழுந்தியாள் அன்றைக்கே தோல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். எனக்கு ஃபோன் செய்தாள்: "அத்தான், நீங்களும் வாங்க. இவரைத் தனியாக் கூட்டிட்டுப் போனா பாதி வழியில ஏதாவது சொல்லித் திரும்பிடுவார்."

டாக்டரின் அறையில் குளிர் எப்படி? டாக்டரம்மாவே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகளில் வியர்வை மணி மணியாகப் பூத்து நின்றது.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"எங்க பரம்பரையிலேயே கிடையாது டாக்டர்" என்றார் சகலை. சொல்லும்போதே நெற்றியைத் துடைத்தார். டாக்டர் அவர் நெற்றியைப் பார்த்தார். கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தேன்.

அப்போது அந்தப் பெண் அவசரமாகச் சொன்னாள்: "அப்பாவுக்கு வேர்க்காது டாக்டர். அப்பாவுக்கு வெயில் மட்டும்தான்."

அப்பாவைக் காப்பாற்றுகிறாளாம்! வியர்வை ரத்தத்தில் வந்தது சரி. இந்தப் பொய் எதில் வந்தது? தினமும் பார்த்துப் பார்த்து வந்தது.

சகலை பைகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் மகளின் கைகளுக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தார். "எனக்கும் இருக்கு டாக்டர். சின்ன வயசுலேருந்தே. அப்பாவுக்கு வேர்க்கும்டா கண்ணு. நல்லாவே வேர்க்கும்."

"இது பயமும் இல்ல, அழுக்கும் இல்ல" என்றார் டாக்டர் பெண்ணிடம். "வேர்வையைச் சுரக்கச் சொல்ற நரம்பு, தேவையே இல்லாம உத்தரவு போட்டுட்டே இருக்கு. பல பேருக்குக் குடும்பத்துல வரும். புதுசா திடீர்னு ஆரம்பிச்சாலோ, தூக்கத்துல உடம்பு நனைஞ்சாலோ, தைராய்டு, சுகர்னு வேற காரணம் தேடணும். உனக்கு அது இல்ல. படுக்கும்போது கையை நல்லாத் துடைச்சுக் காயவிட்டு இந்த மருந்தைத் தடவு. போதலைன்னா, தண்ணித் தட்டுல கையை வச்சு ரொம்ப லேசா கரண்ட் விடற முறை இருக்கு. ஊசி, மாத்திரை எல்லாம் அதுக்கும் அப்புறம்."

பிறகு, ஷூவோடு ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்த சகலை பக்கம் திரும்பினார். "ஷூவைக் கழட்டுங்க."

"அது வந்து டாக்டர், சாக்ஸ்..."

"கழட்டுங்க."

கழற்றினார். பவுடர் பறந்தது. விரல் இடுக்கைப் பார்த்த டாக்டர், என்ன தடவினீர்கள் என்று கேட்டு, ட்யூபின் பெயரைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அமுக்கிட்டுப் பூஞ்சைப் படையை ஊட்டி வளர்க்கும். இனிமே கடையில கேட்டு எதையும் தடவாதீங்க." பெண் முதல்முறையாகச் சிரித்தாள். அப்பா திட்டு வாங்குவதைப் பார்க்கிற சந்தோஷம் எந்தக் குழந்தைக்குத்தான் இல்லை?

மருந்து போட ஆரம்பித்த கையோடு உள்ளங்கை பாலைவனமாகிவிடவில்லை. வட்டத்தில் இன்னும் ஒருத்தி அவள் கையைப் பிடிக்கத் தயங்குகிறாளாம். ஆனால் டீச்சர் கேட்டால், "எனக்குக் கை வேர்க்கும் மிஸ். எங்க அப்பாவுக்கும்தான். மருந்து போடறோம்" என்கிறாளாம். காலையில் கட்டில் காலைப் பிடித்துக்கொள்வதில்லை.

உங்களுக்கென்ன, உள்ளங்கை காய்ந்து கிடக்கிறது, சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள். சரி. காது மந்தமானவர் எதிராளி முணுமுணுக்கிறார் என்பார். கண் மங்கியவர் அச்சுக்காரனைத் திட்டுவார். குறட்டை விடுகிறவர் தலையணையைக் குறை சொல்வார். உங்களுடையது எது என்று நான் கேட்கப்போவதில்லை; கேட்டாலும் சொல்ல மாட்டீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தையிடம் மட்டும் மெதுவாக விசாரித்துப் பாருங்கள், உங்களுக்காக அது வெளியில் என்ன பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று.