கழுத்துக்கு ஒரு ஓய்வுச் சீட்டு

உலகமே தலைகீழாகப் போனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சோபாவை விட்டு அசைவதில்லை என்று புரூஃப் பார்ப்பவர் திங்கட்கிழமையே சபதம் செய்துகொண்டார். அன்றைக்கு மைத்துனன் வீடு மாறுகிறான். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு.

ஆயுதம் கைவசம் இருந்தது. திருத்திச் சொன்னால், கழுத்துவசம். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, குனிந்தபடி மடிக்கணினியில் பிழை திருத்துவார். அந்த அலுப்புத் தீர, சோபாவில் குனிந்தபடி கைப்பேசி பார்ப்பார். பதினோரு வருடத்தில் கழுத்து இடப்பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டது. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் கப்பல் மாதிரி மொத்தமாகத் திரும்புவார். வலி நிஜம். முனகலில் மட்டும் கொஞ்சம் இடைச்செருகல்.

"ஐயோ... அம்மா..."

"என்னங்க, நேத்துவரைக்கும் இவ்வளவு சத்தம் இல்லையே?" என்றாள் மனைவி.

"நேத்து பொறுத்துக்கிட்டேன்."

"தம்பி வீடு மாறுறான்னதும் பொறுக்க முடியலையாக்கும்? கிளம்புங்க, காட்டிட்டு வந்துடலாம்."

பிசியோதெரபி அம்மா கழுத்தை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே! வலி போற வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

புரூஃப் பார்ப்பவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பிழையில்லாத வாக்கியத்தை அவர் வாழ்நாளில் படித்ததில்லை.

"ஆனா அரைமணிக்கு ஒருதரம் எழுந்திருக்கணும். கையை மேல தூக்கி, நல்லா அண்ணாந்து பார்க்கணும்."

"கையில லேசா ஒரு கம்பு இருக்கலாமா மேடம்?" என்று மனைவி பவ்யமாகக் கேட்டாள்.

"தாராளமா! இன்னும் நல்லது."

ஐந்து மாதமாக 'நாளைக்கு, நாளைக்கு' என்று தள்ளிப்போட்ட ஒட்டடை அவர் நினைவுக்கு வந்தபோது காரியம் கைமீறிவிட்டது.

மறுநாளிலிருந்து அவருடைய கைப்பேசியே அரைமணிக்கு ஒருமுறை அலறியது. கூடம், சமையலறை, மாடிப்படி என்று கம்பும் கையுமாக அண்ணாந்து நின்றார். கண்ணில் தூசி, வாயில் தூசி. மைத்துனனுக்கு முன்பாகச் சிலந்திகள் எல்லாம் வீடு மாறின.

வெள்ளிக்கிழமை அந்தப் பயங்கரம் நடந்தது. கழுத்து இடப்பக்கம் திரும்பியது.

சனிக்கிழமை மனைவி கேட்டாள்: "வலி எப்படிங்க இருக்கு?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இருக்கிறது என்றால் கம்போடு மிச்சமிருக்கும் பரண். அங்கே பத்து வருடத்து ஒட்டடை. போய்விட்டது என்றால் பீரோ. எந்தச் சொல்லைப் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல், நடுவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்.

"சரியாச் சொல்லணும்னா, பாதி போயிடுச்சு. பாதி இருக்கு."

"நல்லதாப் போச்சு. அப்ப நாளைக்குக் காலையில பரண், மத்தியானம் பீரோ."