குடைக்கு டிக்கெட் எடுத்தீங்களா?

வீட்டுச் சாவியை என்னிடமும் நிர்வாகத்தைத் தன்னிடமும் வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கும் என் மனைவிக்கு,

ஓய்வுபெற்ற கண்டக்டராகிய உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் ரோஜாத் தொட்டிகளும் சௌக்கியம். அங்கு நீயும், மகளும், மாப்பிள்ளையும், பேரனும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் "ஹலோ" என்றதும் பேரன் போனைப் பிடுங்குகிறான், பேத்தி வீறிடுகிறாள், "அம்மா, பால் பொங்குது!" என்று மகள் கத்துகிறாள், "அப்புறம் பேசறேங்க" என்று நீ வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கடிதத்தை நடுவில் யாரும் கட் பண்ண முடியாது.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாயே, தாராளமாக இரு. எனக்கு ஒரு குறையும் இல்லை. சமையல் பழகிவிட்டது. கருகினதைச் சுரண்டவும் பழகிவிட்டது.

"வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதீங்க, தினமும் பார்க்குக்குப் போய் நடங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாய் அல்லவா, அதை நான் மீறவில்லை. சர்வீஸ் முழுக்க "பார்க் வாசல் எல்லாம் இறங்கு" என்று தொண்டை கிழியக் கத்தியவன், ஒரு நாளாவது இறங்கியிருப்பேனா? "என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று நீ கேட்டபோதெல்லாம் ரிட்டயர் ஆகட்டும் என்றேன். நான் ரிட்டயர் ஆனேன், மகளுக்கு நாள் நெருங்கியது, நீ ரயில் ஏறிவிட்டாய். ஆகவே, நீ வந்ததும் எந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது என்று இப்போதே பார்த்து வைத்துவிடலாமென்று கிளம்பினேன். கையில் உன் பூப்போட்ட குடை. மழை வந்தால் வேண்டுமே என்றுதான். வேறு எதையாவது நினைத்துக்கொள்ளாதே.

முதலில் நம் தெருமுனைப் பூங்கா. காலையில் வாசலிலேயே கும்பல் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியா இருக்கு பாருங்க!" கும்பலும் பாவம், பழக்கதோஷத்தில் உள்ளே போய்விட்டது, ஆனால் காவலாளிக்கு வந்ததே கோபம். "யார் சார் உங்களை வேலைக்கு வச்சது?" என்று என்னை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். சரி போ என்று சிறுவர் பூங்காவுக்குப் போனால், குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களுக்கு அனுமதி இல்லையாம். "எனக்குப் பேரன் இருக்கான்" என்றேன். "எங்க?" என்றாள் வாசலில் இருந்த பெண். "வெளியூர்ல." "அப்ப அவன் வந்தப்புறம் வாங்க தாத்தா" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் கம்பி வழியாக ஊஞ்சலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பெரிய பூங்காவில் நடந்ததைக் கேள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் குடையை வைத்தேன். சும்மா வைத்தேன். ஒருவர் வந்து, "யாராவது வராங்களா?" என்று கேட்டார். "வராங்க" என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று கேட்காதே. போனவர் திரும்பி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பஸ்ஸில் தினமும் வந்தவராம். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களின் துண்டையெல்லாம் தூக்கி எறிந்து, "துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்பேனே, அதில் இவருடைய துண்டும் உண்டாம். "என்ன கண்டக்டர் சார், குடைக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்று பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்து தன் மூட்டுவலியைப் பற்றி மத்தியானம் வரை பேசினார். உன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே, என் பழைய பஸ் போய்த் திரும்பும் இடத்தில் இருக்கும் ஏரிக்கரைத் தோட்டத்துக்குப் போனேன். தினமும் அங்கே விசில் ஊதி பஸ்ஸைத் திருப்பியிருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. ஏரி ஓரமாக ஒரு பெஞ்சு, இரண்டு பேருக்கு மேல் பிடிக்காது. உனக்கு வலது காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் உன் இடது பக்கம் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் வெயில் என் மேல்தான் விழுகிறது, உன் பக்கம் முழுக்க நிழல். எல்லாம் சரிபார்த்துவிட்டேன். அங்கே சருகு பெருக்குகிற அம்மாள், "குடை வந்துடுச்சு, குடைக்காரங்க வரலியா?" என்று தினமும் கேட்கிறாள். நான் வர நேரமானால் பெஞ்சில் துடைப்பத்தை வைத்து இடம் பிடித்து வைக்கிறாள். டிக்கெட் எடுத்தாயா என்று அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, நீ நிதானமாக வரலாம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்கு ஒரு முத்தம். பேரனுக்கு இரண்டு, ஒன்று போனை விட்டுத்தருவதற்கு.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத,
உன் கணவன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இன்று தோட்டத்துக்குப் போய்விட்டேன். அந்த அம்மாள் "எப்பதான் வராங்க?" என்றாள். "வர்ற வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டேன். அவள் பெஞ்சைக் கழுவி வைக்கப் போகிறாளாம். அதனால் இரண்டு மாதம் இரு என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. மகளையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டே வந்துவிடு, சிறுவர் பூங்காவுக்குள் நுழைய எனக்கும் துணை வேண்டும். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. குடை மழைக்காக என்று எழுதியிருந்தேன். நீ போனதிலிருந்து இங்கே ஒரு தூறல்கூட இல்லை.