படகு கவிழ்ந்த அன்று சீல் அண்ணாச்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன். நான் அதிகம் படித்தவன் இல்லை; எழுதினால் என் மானமும் கொஞ்சம் போகும். இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, முருகன் விட்ட வழி என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாமியிடமே ஒப்புகை கேட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெரு சீல் அண்ணாச்சி. திருச்செந்தூர் உண்டியலில் ஒரு மனுவைப் போட்டுவிட்டு, அதன் நகலை நீட்டி, "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் வச்சுக் குடுங்க" என்று நின்றார். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் முருகனை மறந்து இவரைத் திட்டினார்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். நகலில் சீல் விழாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். யாராவது கல்யாணப் பத்திரிகை வைத்தால், அதிலேயே "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுநாள் வந்து, "கல்யாணம் எந்த மண்டபத்துல வே?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவரைப் படகில் ஏற்றியது என் தப்பு. சேரன்மகாதேவி பக்கம் ஒரு குளத்தில் புதிதாக உல்லாசப் படகு விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரி ஆசைப்பட்டாள். பக்கத்து வீடுதானே, சீல் அண்ணாச்சியும் கூடவே கிளம்பிவிட்டார். துடுப்புப் போட்டவர் இசக்கிமுத்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். நாங்கள் குளத்தைப் பார்த்தோம். அண்ணாச்சி டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். சத்தமாக வாசிக்கவும் செய்தார்.

"நிபந்தனை நாலு: படகில் எழுந்து நிற்கக் கூடாது. நிபந்தனை ஏழு: யாருக்காவது அடிபட்டால், படகு நடத்துகிறவர் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்கும் உரிமம் கொடுத்த ஆபீசுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேட்டீரா வே?"

"அண்ணாச்சி, அங்கன தாமரையப் பாருங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"பாத்தாச்சு தாயி. நிபந்தனை எட்டு, பறிக்கக் கூடாது."

சுற்றிவிட்டுப் படித்துறையை நெருங்கும்போது, கரையிலிருந்த சாஸ்தா கோயிலில் உச்சிகாலப் பூசை மணி அடித்தது. மணிச் சத்தம் கேட்டால் எழுந்து கும்பிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பஸ்ஸிலும் எழுவேன், பந்தியிலும் எழுவேன். படகிலும் எழுந்தேன், இரண்டு கையும் தலைக்கு மேலே.

"நிபந்தனை நாலு வே! நாலு!"

அடுத்த நொடி நாங்கள் நாலு பேரும் தண்ணீருக்குள்.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் அண்ணாச்சியின் வலது கை படகுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் மாட்டி ஒடிந்துவிட்டது. அந்த நிலைமையிலும் இடது கையில் டிக்கெட் நனையாமல் உயரத்தில் இருந்தது.

படகு கான்ட்ராக்டர் ஓடி வந்தார். "இத யாரும் எங்கயும் சொல்லாண்டாம். எழுத்து கிழுத்துன்னு போனா படகையே நிறுத்திருவாங்க. இவன் குடிச்சிட்டு ஓட்டுதான், இன்னையோட அனுப்பிருதேன். முடிஞ்சுது."

"சாமி சத்தியமா நான் குடிக்கல மொதலாளி. இத விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது" என்று இசக்கிமுத்து என்னைப் பார்த்தார்.

நான் வேட்டியைப் பிழிந்தேன். நன்றாகப் பிழிந்தேன். எங்கள் பஜனைக் குழுவுக்கு நான் தலைவர். சாமி கும்பிட்டுப் படகைக் கவிழ்த்தவன் என்று பெயரெடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காயும் முன்னாலேயே அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார்.

"பேப்பர் எடும் வே. நடத்துதவன் சொல்லலைன்னா அடிபட்டவன் சொல்லணும்லா. அன்றைக்கேன்னு போட்டிருக்கு."

"நானா எழுதணும்?"

"என் கை கட்டுக்குள்ள கெடக்கு. உம்ம கை சும்மாத்தான இருக்கு?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "படகு கவிழ்ந்த காரணம்: மணிச் சத்தம் கேட்டு முதலில் எழுந்து நின்றவர்..." என்று சொல்லி நிறுத்தினார். என் பேனாவும் நின்றது.

"அண்ணாச்சி, காத்து அடிச்சுதுன்னு போட்டா என்ன?"

"காத்துக்கு விலாசம் உண்டா வே? விலாசம் இல்லாதவன் பேர நான் மனுவுல போடமாட்டேன்."

"பஜனையில எல்லாரும் சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். இசக்கிமுத்து வீட்ல அடுப்பு எரியணும். நீரு கும்பிட்ட சாஸ்தாவுக்கு விஷயம் தெரியும். ஸ்டேஷனுக்குத்தான் தெரியாது. எழுதும்."

எழுதினேன். என் பெயர் எனக்கே கோணலாக வந்தது. அண்ணாச்சி அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வரி. இரண்டாவதாக எழுந்து நின்றவர், மனுதாரராகிய நான்."

"நீங்க உக்காந்துல்லா இருந்தீங்க?"

"எழுதும்னா எழுதும்."

நேரே ஸ்டேஷனுக்குப் போனோம். "தண்ணிக்குள்ள நடந்ததா? அது எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். உரிமம் கொடுத்த ஆபீசில், "கை ஒடிஞ்சது படிக்கட்டுலதான? படிக்கட்டு எங்களுது இல்ல" என்றார்கள். அண்ணாச்சி மாவுக்கட்டை மேஜைமேல் வைத்து, "சீல் விழுந்தா எந்திப்பேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பயந்தே சீல் வைத்தார்கள். அந்தக் காகிதத்தோடு மறுபடி ஸ்டேஷன். அங்கே ஏட்டு படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"முதல்ல எந்திச்சது இவரு. சரி, நீங்க எதுக்கு எந்திச்சீங்க?"

"பக்தி."

உண்டியலில் சீல் கேட்ட வாய்! ஏட்டு சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் விசாரிக்க வந்தார்கள். காகிதத்தில் குடி எங்கேயும் இல்லை. கான்ட்ராக்டர் குடிக் கதையை விட்டுவிட்டார். இசக்கிமுத்து இன்றும் அங்கேதான் துடுப்புப் போடுகிறார். கிளம்புமுன், "மணியடிச்சா எந்திக்கிற ஆளு யாரும் உண்டா?" என்று கேட்டுக்கொள்கிறார்.

அந்த நகல் எங்கள் வீட்டுப் பூசையறையில் இருக்கிறது. அண்ணாச்சி ஆயிரக்கணக்கில் மனு எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவற்றில் பொய்யான வரி ஒன்றே ஒன்றுதான். அது என் பெயர் தனியாக நிற்கக் கூடாது என்று அவர் சொன்ன வரி.

படிக்கிறவர்கள் இதை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினால், உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். முதலில் எழுந்தவன் நான் என்பதும் இருக்கட்டும். அந்த இரண்டாவது வரியிலும் கை வைக்காதீர்கள். அதற்கு இரண்டு ஆபீஸ் சீல் இருக்கிறது.