நடுவில் கால் இல்லாத இறால்

பசித்தவன் கையில் நுணுக்கமான வேலையைக் கொடுக்கக் கூடாது. சொன்னதற்கு மேலேயே செய்துவிடுவான்.

நாலாம் பாரத்தோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபின், திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஜுவாலஜிக் கூடத்தில் தற்காலிகமாகப் பாட்டில் கழுவினேன். படுக்கை ஸ்ரீரங்கத்துச் சத்திர வராந்தாவில். (கொசுக்கடி இலவசம்.)

ஒருநாள் புரொபசர் ஐயங்கார், பாம்பனிலிருந்து வந்த கடல்பாசி பாட்டிலை என்னிடம் நீட்டினார். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான்.

"இதுல எலும்புக்கூட்டு இறால் இருக்கும்டா. நூல் துண்டு மாதிரி பாசியிலே ஒட்டிண்டிருக்கும். கால் உடையாம எடுத்தா வேலை நிரந்தரம். உடைச்சா மில்லுக்கே போயிடு."

எடுத்தேன். லென்ஸில் பார்த்தேன். தலையில் மீசை, முன்னால் மடக்கிய பெரிய கொடுக்கு, வால்பக்கம் மூன்று ஜோடிக் கால்கள். நடு உடம்பு மட்டும் மொட்டை. கால் இருக்கவேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிப் பைகள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பிறவியே அப்படி என்று தோன்றவில்லை; எல்லாவற்றையும் நானே ஒடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

தோள் துண்டை உதறினேன். முந்தின ராத்திரி அடித்த கொசுக்கள் விழுந்தன. லேபிள் ஒட்டும் கோந்து பக்கத்திலேயே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருப்பதில் பெரிய இறாலின் நடுவில் கொசுக்கால்களை ஒட்டி முடித்தேன்.

புரொபசர் வந்து லென்ஸை வைத்தார். இன்னும் கிட்டே குனிந்தார்.

"நடுவிலே கால் இருக்கேடா. உலகத்துக்கே புதுசா இருக்கும் போலிருக்கே."

படம் வரைவதற்காக அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். கோந்து கரைந்தது. கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. ஒன்றை ஊசியால் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் காலை நான் தினம் ராத்திரி அடிக்கறேன்டா."

"உடைச்சுட்டேன்னு நெனச்சேங்க."

"அசடே, அந்தப் பைதான் அதுக்குச் செவுள். அதை வச்சுத்தான் இதை அடையாளமே கண்டுபிடிக்கறது. பகவான் குடுக்காத காலை நீ ஏன் குடுத்தே?"

மில் மூட்டை முதுகில் ஏறியது போலிருந்தது. அவரோ சிரித்துவிட்டார். "கொசுக்காலை உடையாம ஒட்டற கைக்கு வேலை இல்லேன்னா எப்படி?" என்று என்னை நிரந்தரமாக்கினார். கோந்துப் புட்டியை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கதை எப்படியோ என் மனைவி காதுக்கும் எட்டியது. தலைப்பிள்ளை பிறந்த அன்று, நான் வாசலில் நகம் கடித்துக்கொண்டிருக்க, அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது:

"கை கால் எல்லாம் சரியா இருக்குங்க. நீங்க ஒண்ணும் ஒட்ட வேணாம்."

இப்போது பேரப்பிள்ளை பிறந்தாலும் எனக்கு முதலில் வரும் சேதி அதுதான். ஆணா பெண்ணா என்பதை அப்புறம்தான் சொல்கிறார்கள்.