ஆறு வீட்டுக்கு ஒரு ரீவி

நான் களவு எடுத்ததில்லை. பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. கோயிலில் வரிசையை மீறி முன்னால் போனதுகூட இல்லை. (சரி, ஒருமுறை போனேன். அன்று கால் நோவு.) ஆனால் என்னைக் குறைவாக யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்களில் ஒன்று, ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்தது. அதைச் சொல்லிச் சிரிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நானும் சிரிப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. என் கணவர் காலமான பிறகு, பதினேழு வயது மகள் சுகந்தியோடு டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரே படிக்கட்டில் ஆறு வீடுகள். ஆறிலும் தமிழ்ச் சனம். கீழ்வீடு எங்களுடையது. மேல்மாடியில் மன்னார் செபமாலை அண்ணை இருந்தார். ஆறு வீட்டுக்குமாக இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டி, எங்கள் வாயில் ரீவி, அவருடையது. ஒரே தையல் மெசின் என்னுடையது.

அந்த இலைதளிர் காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு ஆபிரிக்க நாடுகளிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். அங்கே பல நாடுகள் தங்கள் சனத்தையும் வீடுகளையும் எண்ணப் போகின்றனவாம். எல்லா நாடும் ஒரே மாதிரிக் கேட்டு ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்று அவர்களைச் சேர்த்து ஒரு பயிற்சி. செலவு டென்மார்க்குடையது. அதனால் குளிரும் டென்மார்க்குடையது.

பழகிப் பார்க்க அவர்களுக்கு வீடுகள் தேவைப்பட்டன. டென்மார்க்கில் சனத்தை எண்ண யாரும் வீட்டுக்கு வருவதில்லை. ஆளுக்கொரு இலக்கம் இருக்கிறது, அரசாங்கக் கந்தோரில் இருந்தபடியே கூட்டிவிடுவார்கள். டேனிஷ்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டால் பொலிசுக்குத்தான் போன் போகும். அதோடு, மொழி தெரியாத வீட்டில் மொழிபெயர்ப்பாளரோடு கேட்டுப் பழகுவதும் பயிற்சியில் ஒரு பகுதியாம். எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த ரீச்சர் வந்து, “உங்கள் ஆறு வீட்டுக்கும் அவர்கள் வரலாமா?” என்று கேட்டார். வரச் சொன்னோம். கொன்வென்டில் படித்த சுகந்திக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

வியாழக்கிழமை படிக்கட்டில் கூட்டம் போட்டோம். மாதிரிப் படிவத்தைச் சுகந்தி வாசித்துக் காட்டினாள்.

“வீட்டில ரேடியோ இருக்கோ, சைக்கிள் இருக்கோ, தையல் மெசின் இருக்கோ, ரீவி இருக்கோ எண்டும் கேப்பினம்.”

“இல்லையெண்டு சொன்னா?” என்று கேட்டாள் நடுமாடி விமலா.

“இல்லையெண்டு எழுதுவினம்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. “அப்ப எங்களை ஒண்டுமில்லாத சனமெண்டு எழுதி ஆபிரிக்கா முழுக்கக் காட்டப் போகினமோ?”

“அம்மா, இது சும்மா பழகிறதுக்கு. முடிய கிழிச்சுப் போடுவினம்.”

“கிழிக்க முதல் வாசிப்பினம்தானே?”

ஆபிரிக்காவை நான் எங்கே கண்டேன்? அங்கே சனம் ஒன்றுமில்லாமல் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டதுதான். அகதியாக வந்து, பிறர் தந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, ‘அவர்களுக்கு முன்னால் நாங்கள் குறையக்கூடாது’ என்று நின்றேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

திட்டம் என்னுடையது. கணக்கெடுக்க வருபவர் கீழ்வீட்டில் தொடங்கி மேலே போவார். அவர் வர முதலே ரீவியை எங்கள் வீட்டுக்கு இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் முன்னறையைப் பார்த்து எழுதியதும் குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்துக் கதவைச் சாத்த வேண்டும். அந்த நேரத்தில் செபமாலை அண்ணையும் விமலாவின் கணவனும் ரீவி, தையல் மெசின், சைக்கிள் மூன்றையும் அடுத்த வீட்டுக்கு ஏற்றிவிட வேண்டும்.

“தங்கச்சி, இது சரிவருமோ? ரீவி சரியான பாரம்” என்றார் செபமாலை அண்ணை.

“அண்ணை, மானம் அதைவிடப் பாரம்” என்றேன். (இப்படியெல்லாம் பேசுவேன் அப்போது.)

சனிக்கிழமை வந்தவரின் பெயர் எஸ்தர். மலாவி நாட்டுக்காரர். முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத நீலக் கோட்டு, மார்போடு அணைத்த கோப்பு. ஐந்து மொழி பேசுவார் என்று சுகந்தி சொன்னாள். அவரைப் பார்த்ததும் நான் என் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மறைத்தேன்.

பெயர், வயது, அறைகள் எல்லாம் கேட்டார். பிறகு சுகந்தி என்னிடம், “எழுத வாசிக்கத் தெரியுமோ? எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீங்கள்?” என்றாள்.

“பத்து” என்றேன்.

சுகந்தி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். எஸ்தர் மரியாதையாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அச்செழுத்தைக் கூட்டிக்கூட்டி வாசிப்பேன். எழுதத் தெரிந்தது என் கையெழுத்து மட்டும். இது என் மகளுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். புள்ளி குறைந்து வந்த நாட்களில் எல்லாம், ‘நான் படிச்ச காலத்தில’ என்று தொடங்கி அவளை ஏசியே வளர்த்தவள் நான்.

அதன் பிறகு ரீவியின் பயணம் தொடங்கியது, எஸ்தருக்குப் பின்னால் என்னுடையதும். ஒவ்வொரு வீட்டிலும் அது ஓடியபடி நிற்க வேண்டும் என்பதும் என் கட்டளை. அந்த நாட்களில் டென்மார்க் ரீவியில் பகலில் நிகழ்ச்சி கிடையாது. வட்டமும் கோடுமாக ஒரு படம் மட்டும் அசையாமல் நிற்கும். ஆறு குடும்பமும் சனிக்கிழமை காலையில் அந்த வட்டத்தைப் பார்த்து ரசிக்கும் சனமாக எஸ்தருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ரீவிப் பெட்டியின் பக்கவாட்டில் செபமாலை அண்ணை மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தார். நான்காவது வீடான விமலாவின் வீட்டில், முருகன் படத்துக்குக் கீழே அதே ரீவியில் அதே மாதா. எஸ்தர் நின்று பார்த்தார்.

“மாதா எல்லா வீட்டிலும் இருக்கிறாரே?” என்று கேட்டார்.

“எங்கட சனத்துக்கு மாதாவில நல்ல பக்தி எண்டு சொல்லு” என்றேன்.

எஸ்தரும் வேதக்காரர். நெகிழ்ந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டு, அன்பாக ரீவியின் தலையில் கை வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார். அது அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் செபமாலை அண்ணை மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எஸ்தர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் சொல்வதையும் கண்ணால் காண்பதையும் எழுது, வாதாடாதே என்பது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமாம். அதை அவர் கடைசி எழுத்துவரை கடைப்பிடித்தார்.

ஆறு வீட்டிலும் தேத்தண்ணி. ‘வீட்டில் மலசலகூடம் உண்டா’ என்ற கேள்விக்கு மூன்று வீடுகளில் அவர் தானே நேரில் போய்ப் பார்த்து விடை கண்டார். கடைசியில் ரீவி தன் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எஸ்தர் எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்து விடைபெற்றார். செபமாலை அண்ணை இரண்டு நாள் நிமிரவில்லை. நான் வெற்றி பெற்ற இராணியாக உலாவினேன்.

திங்கட்கிழமை கழுத்துப்பட்டி கட்டிய வேறொரு ஆபிரிக்க அதிகாரி கதவைத் தட்டினார். முதல் எழுதியது சரியா என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பதும் பயிற்சியில் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சுகந்தி பள்ளிக்கூடத்தில். அவர் முன்னறையை எட்டிப் பார்த்து, “ரீவி?” என்றார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம். “நோ ரீவி!” என்றேன், நிமிர்ந்து நின்று.

ஆறு வீடும் ஏறினார். ரீவி ஒரு வீட்டில்தான் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் எஸ்தர் தனியாக வந்தார். மழை. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. கதவடியில் நின்றபடி சுகந்தியிடம் மெதுவாகப் பேசினார். சுகந்தியின் முகம் மாறியது.

“அம்மா, ஆறு கடதாசியிலயும் ஒரே பதில் இருக்காம். அடுத்தாள் வந்து பாத்தா ஒரு வீட்டிலதான் ரீவி. அப்ப இவ ஒரு வீட்டுக்கு மட்டும் போயிட்டு, மிச்சத்தை மேசையில இருந்து பாத்தெழுதினவ எண்டு சொல்லுகினமாம்.”

“ஐயோ.”

“சுத்தியிருக்கிற நாடுகளுக்கெல்லாம் படிப்பிக்கிற வேலைக்கு ஒராளை நாளைக்குக் காலமை தெரிஞ்செடுக்கப் போகினமாம். இவவின்ர பேர்தான் முதல் இருந்ததாம்.” அவள் குரல் இறங்கியது. “ஒண்டே ஒண்டு கேக்கிறா. ‘நான் உங்கட வீட்டுக்கு வந்தனானோ இல்லையோ?’”

எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ரீவி, தேத்தண்ணி, செபமாலை அண்ணையின் முதுகு, எல்லாம். எஸ்தர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி, ஒருதரம் சிரித்தார். பிறகு கேட்டதுதான் என் தலையில் இடியாக விழுந்தது.

“இதையே உங்கள் மொழியில், உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். மகள் கீழே ஆங்கிலத்தில் எழுதட்டும். நீங்கள் பத்தாம் வகுப்புப் படித்தவர். உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு.”

‘எனக்கு எழுதத் தெரியாது, பிள்ளை எழுதட்டும், நான் கையெழுத்துப் போடுறன்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ரீவியை ஒத்துக்கொண்ட வாயால் இதைச் சொல்ல முடியவில்லை.

“நாளைக்கு விடியவே எழுதிக் கொண்டுவாறன் எண்டு சொல்லு” என்றேன்.

“இப்பவே எழுதலாமேயம்மா? நான் எழுதட்டோ?”

“வடிவா யோசிச்சு எழுத வேணும். நாளைக்கு.”

எஸ்தர் நன்றி சொல்லிவிட்டு மழையில் நடந்து போனார்.

குசினி மேசையில் கடதாசியோடு இருந்தேன். சுகந்தியை உள்ளே வரவேண்டாம் என்றேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: ‘வந்தவ’. அது கோழி கிளறிய மண்ணாகக் கிடந்தது. பத்தாம் வகுப்பு எழுத்தா அது? கிழித்து அடுப்பில் வைத்தேன். மின்னடுப்பு, எரியக்கூட இல்லை, வெறுமனே கருகி மணத்தது.

காலையில், வாயால் சொல்வோம் என்று சுகந்தியை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கழுத்துப்பட்டிக்காரர் கையில் பூங்கொத்து. அவருடைய பெயரை எல்லா நாடுகளுக்கும் அறிவித்தாகிவிட்டது. பயிற்சிக்குப் பொறுப்பான டேனிஷ் ஆசிரியரிடம் சுகந்தி முழுக் கதையையும் சொன்னாள். ஆறு வீட்டு ரீவியைக் கேட்டு அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“இதை ஏன் நேற்றே சொல்லவில்லை?” என்றார். எஸ்தரின் பெயரில் குற்றமில்லை என்று கோப்பில் எழுதுவதாகச் சொன்னார். அந்த வேலை மட்டும் இனி மாறாது என்றார்.

எஸ்தர் பெட்டியோடு வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் கேட்டார், சுகந்தி சொன்னாள்: “‘நான் வந்தனான் எண்டு எழுத ஏன் ஒரு நாள் எடுத்தது?’ எண்டு கேக்கிறா.”

“காய்ச்சல் எண்டு சொல்லு” என்றேன்.

ஆம். அங்கேயும்.

சுகந்தி நிலத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். காய்ச்சலுக்கு அது கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. எஸ்தர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு கோப்பைத் திறந்து, ஒரு கடதாசியை எடுத்து, பேனையால் எதையோ வெட்டி, மேலே ஏதோ எழுதினார். என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். ரீவியை வெட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை, எழுதப் பழக்கும் வகுப்பு ஏதும் உண்டோ என்று டேனிஷ் ரீச்சரிடம் இரகசியமாகக் கேட்டேன். முதலில் டேனிஷ் எழுத்து. பிறகு, வெட்கத்தை விட்டு, செபமாலை அண்ணையின் மனைவியிடம் தமிழ் எழுத்து. எஸ்தருக்கு ஒரு கடிதம் எழுதும் அளவுக்குக் கை திருந்தியபோது, விலாசம் கேட்க அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரைத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

வருடங்கள் போயின. விபோர்க் நகரத்தில், சுகந்தியின் ஐம்பதாவது பிறந்தநாளில் யாரோ ரீவிக் கதையை எடுத்தார்கள். ஒரே சிரிப்பு. நான் முடிவைச் சொன்னேன்: “கடைசியா அந்த மனுசி ரீவியை வெட்டிப்போட்டுப் போனவ.”

சுகந்தி கேக்கை வெட்டிக்கொண்டே, “அம்மா, அண்டைக்கு அவ வெட்டினது ரீவியை இல்லை” என்றாள்.

“பின்ன?”

“ரீவியெண்டா ஆறு கடதாசி எடுத்திருப்பாவே. ஒண்டுதானே எடுத்தவ? எங்கட வீட்டுக் கடதாசி. உங்கட பத்தாம் வகுப்பை வெட்டினவ.”

“காய்ச்சலெண்டெல்லோ நீ சொன்னனீ?”

“அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதைச் சொல்ல வெக்கம் எண்டு சொன்னனான். எனக்குப் பத்து வயசிலயே தெரியுமம்மா. என்ர இங்கிலிஸ் ரிப்போட்டை நீங்கள் தலைகீழாப் பிடிச்சு வாசிச்சனீங்கள்.”

கையில் இருந்த கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் பெருமை பேசினால், மற்றவர் எழுந்து வந்து, எஸ்தர் ரீவியில் வைத்ததுபோல, தலையில் கை வைப்பார். “சூடோ எண்டு பாக்கிறன்” என்பார். டென்மார்க்கில் பிறந்த பேரப்பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள், டேனிஷில்.

எனக்கு ஒரு கவலை. இந்த நாட்டில் சனத்தை எண்ண வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். என் வாழ்நாளில் எழுதத் தெரியுமா என்று என்னைக் கேட்டு எழுதிய கடதாசி அது ஒன்றுதான். அதில் நான் இன்னும் எழுதத் தெரியாதவள். கேட்ட அந்தப் பெண்ணுக்கு, நான் பிறகு பழகியது தெரியாது.

யாராவது ஒருநாள் கோப்போடு கதவைத் தட்டினால், ஓம் என்று சொல்லி, எழுதியும் காட்டுவேன். என்ன எழுதுவது என்பதும் முடிவு: ‘எஸ்தர் ஆறு வீட்டுக்கும் வந்தவ.’ போன கிழமை சுகந்திக்கு எழுதிக் காட்டினேன்.

“என்ர கையெழுத்து இப்ப அச்சு மாதிரி, என்ன?” என்றேன்.

அவள் எழுந்து வந்து என் உச்சியில் கை வைத்தாள்.