ஓ.டி. இருக்கு

மச்சானுடைய பீரோவை இந்தத் தடவை என் சுண்டுவிரல்கூடத் தொடாது! கண்ணாடி முன்னால் நின்று, மீசையை முறுக்கி, சபதம் எடுத்தேன். சத்தமில்லாமல்தான் எடுத்தேன். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சட்டை மாற்றுகிற மாதிரி வீடு மாற்றுகிற பேர்வழி. போன தடவை இரண்டாவது மாடி, இந்தத் தடவை நாலாவது. லிஃப்டுக்குள் பீரோ நுழையாதாம். பீரோவுக்கு அடியில் நான் மட்டும் நுழைய வேண்டுமாம்! அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமை. எட்டு வருஷம் காயைச் சுண்டிச் சுண்டி, முதல் தடவையாக நான் கேரம் ஃபைனலுக்கு வந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து ஓ.டி. அதாவது ஓவர்டைம். ‘ஞாயிறு ஓ.டி. கட்டாயம் வரவும்’ என்று ஸ்டோர் கீப்பரை விட்டு எனக்கே மெசேஜ் அனுப்பச் சொன்னேன். போனை அவள் கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் என்பதைத்தான் மறந்து தொலைத்தேன். அங்கே ஓ.டி. என்றால் கத்தி, கத்தரி, மயக்க மருந்து. எத்தனையோ எழுத்து கிடக்க, அந்த மேதாவிகளுக்கு எங்கள் ரெண்டெழுத்துதானா கிடைத்தது?

“என்னங்க, உங்களுக்கு ஓ.டி.யா?”

“ஆமாம்மா. என்ன பண்றது, தலையெழுத்து!”

“ஐயையோ, தலையிலயா ஆபரேஷன்?”

“ஆபரேஷனா? இது ஓவர்டைம்!”

“நான் பயப்படுவேன்னு மறைக்காதீங்க. இதெல்லாம் நான் தினம் பார்க்கிறது.”

ஞாயிறு காலை காபி இல்லை. டிபன் இல்லை. ஓ.டி.க்கு வெறும் வயிற்றோடுதான் போக வேண்டுமாம். கையில் ரேசரோடு வந்து நின்றாள்.

“மூக்குல குழாய் வைப்பாங்க. மீசை இடைஞ்சல். காட்டுங்க.”

“கிட்ட வராதே!”

“அடம் பிடிக்காதீங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். பாவம், பதறிப் போயிட்டார். வீடு மாத்தறதையே தள்ளி வெச்சுட்டு, ஒரு மாசம் உங்க பக்கத்துலயே படுத்துக்கறேன்னார்.”

மீசை போனால் முளைக்கும். மச்சான் வந்தால் போக மாட்டார்.

“வேண்டாம் தாயே! ஆபரேஷனும் இல்ல, ஓவர்டைமும் இல்ல.”

“அப்புறம்?”

“சும்மா… பீரோ தூக்காம ஓ.பி. அடிக்கலாம்னு பார்த்தேன்.”

டிமிக்கி கொடுப்பதற்குக் கம்பெனியில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. அவள் முகத்தில் துளிகூட ஆச்சரியம் இல்லை. ரேசரை மூடி வைத்தாள். வாசல் கதவை விரியத் திறந்தாள்.

“ஓ.பி.ன்னா எங்க ஆஸ்பத்திரில வெளிநோயாளி. நீங்க வெளியில இருங்க. அண்ணன் அரைமணி நேரமா லாரியோட நிக்கிறார்.”

திங்கட்கிழமை, நிமிர முடியாத இடுப்போடு, ஓ.பி. வரிசையில் நிஜமாகவே உட்கார்ந்திருந்தேன். சீட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.